ஸ்கிரிப்டை யாரிடம் விட்டுப் போவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். பி.காம். படித்தவன். பைத்தான் நிரல்மொழி நானாகவே யூடியூப் பார்த்துக் கற்றது. ஜிஎஸ்டி போர்ட்டலில் இறக்கும் 2பி ஃபைலையும் (சப்ளையர்கள் எங்கள் பெயரில் ஏற்றிய பில்களின் பட்டியல்) டேலி கணக்கு மென்பொருளிலிருந்து எடுக்கும் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். டேலியிலேயே அந்த வசதி இருக்கிறது. ஆனால் நிட்டிங், டையிங், பிரிண்டிங் ஜாப் ஒர்க் பில்களில் நம்பரை ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் பாதி பொருந்தாமல் நின்றுவிடும். இரண்டு மூன்று நாள் டிக் அடித்துக்கொண்டிருந்த வேலை இப்போது சில நிமிடத்தில் முடிகிறது. அடுத்த மாதக் கடைசியில் வேலை மாறி பெங்களூர் போகிறேன். இனி இதைப் பார்க்கப் போவது எங்கள் சீனியர் அக்கவுண்டன்ட் அக்கா. இருபது வருட அனுபவம். ஆனால் ஸ்கிரிப்ட் ஓடும் கறுப்பு விண்டோவைப் பார்த்தாலே, “எரர் ஏதாச்சும் வந்தா நான் என்ன பண்ணுவேன் தம்பி? பேசாம பழைய மாதிரியே டிக் அடிச்சுக்கறேன்” என்கிறார். முதலாளியோ, “போறதுக்குள்ள அவங்களுக்குப் பைத்தான் சொல்லிக் குடுத்துட்டுப் போ” என்கிறார். பைத்தான் இல்லாமலே டபுள் கிளிக்கில் ஓடும் எக்ஸ்இ ஃபைலாக மாற்றிக் கொடுத்தால் போதுமா? என்னென்ன எழுதி வைக்க வேண்டும்?

பதில்: முதலாளி சொன்னதை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒரு மாதத்தில் யாருக்கும் பைத்தான் வராது. வந்தாலும், இன்னொருவர் எழுதிய நிரலைத் திருத்தும் அளவுக்கு வராது. அக்கா கேட்ட கேள்விதான் உங்கள் கடிதத்திலேயே சரியான கேள்வி. எரர் வந்தால் என்ன செய்வது? அதோடு அவர் கேட்காத ஒன்றையும் நான் சேர்த்துக்கொள்கிறேன்: எரரே வராமல் தப்பான விடை வந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவதுதான் ஆபத்து. எரர் வந்தால் வேலை நிற்கும், யாரையாவது கூப்பிடுவார்கள். எரர் வராமல் விடை தப்பினால் அது அப்படியே மாத ரிட்டர்னான 3பி-யில் ஏறிவிடும். கூடுதலாக இன்புட் (வாங்கியதில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுத்துப் பயன்படுத்திவிட்டால் 18 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். குறைவாக எடுத்தால் கைக்காசு வரியில் முடங்கும்.

இங்கிலாந்தில் 2020 அக்டோபரில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆய்வகங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளை அங்குள்ள பொதுச் சுகாதாரத் துறை பழைய எக்ஸ்எல்எஸ் வகை எக்செல் ஃபைலில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வகை ஃபைலில் 65,536 வரிக்கு மேல் இடம் கிடையாது. மிச்ச வரிகள் சத்தமில்லாமல் விழுந்துபோய், 15,841 பேருக்குத் தொற்று இருந்த தகவல் நேரத்துக்குக் கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அந்த அளவுக்குத் தாமதமானது. அந்த ஏற்பாட்டில் எங்கேயும் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரவில்லை. உள்ளே போனது எத்தனை வரி, வெளியே வந்தது எத்தனை வரி என்று எண்ணிப் பார்க்கும் ஒரு படி இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அந்தப் படியை உங்கள் ஸ்கிரிப்டில் வையுங்கள். விடை ஃபைலின் முதல் தாளில் பொருந்தியது, பொருந்தாதது எதுவும் வேண்டாம். மொத்தங்கள் மட்டும் இருக்கட்டும். 2பி-யிலிருந்து எத்தனை பில் படித்தேன், வரிக்குட்பட்ட மதிப்பு எவ்வளவு, ஐஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தனித்தனியாக எவ்வளவு. டேலி பக்கமும் அதே கணக்கு. அதற்குக் கீழே, பொருந்தியவை, பொருந்தாதவை, சந்தேகத்துக்குரியவை மூன்றையும் கூட்டினால் படித்த மொத்தம் வருகிறதா என்று ஒரு வரி. அக்கா போர்ட்டலில் தெரியும் 2பி சுருக்கத்தைப் பார்ப்பார், டேலி திரையில் மாத மொத்தத்தைப் பார்ப்பார், இந்தத் தாளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஒரு ரூபாய் உதைத்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. இருபது வருடமாக அவர் செய்துவரும் வேலையே இதுதான். ஒரு படி மேலே போய், உள் கூட்டல் ஒத்துப்போகாவிட்டால் விடை ஃபைலையே உருவாக்காமல் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்படி செய்யுங்கள். அரைகுறை விடையை யாராவது ஆடிட்டருக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதைச் செய்துவிட்டாலே அக்காவின் பயம் பாதி போய்விடும். ஸ்கிரிப்டை அவர் நம்ப வேண்டியதில்லை, சரிபார்த்தால் போதும் என்று ஆகிவிடுகிறது.

அடுத்து, ஆபீஸில் உண்மையில் எது தப்பும் என்று பார்ப்போம். உங்கள் லாஜிக் அநேகமாகத் தப்பாது. உள்ளே வரும் ஃபைல்தான் தப்பும். டேலியிலிருந்து சிஎஸ்வி (வெறும் எழுத்தாக, காற்புள்ளியால் பிரித்த ஃபைல்) எடுக்கிறீர்கள் என்றால், அக்கா என்ன செய்வார் தெரியுமா? சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க டபுள் கிளிக் செய்து எக்செலில் திறப்பார். மூடும்போது “சேவ் பண்ணவா?” என்று கேட்கும். “யெஸ்” கொடுப்பார். அவ்வளவுதான். 0045 என்ற பில் நம்பர் 45 ஆகியிருக்கும். 3-12 என்று இருந்தது ஒரு தேதியாக மாறியிருக்கும். 12இ5 போன்ற நம்பர் பன்னிரண்டு லட்சமாகியிருக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் எந்த எரரும் இல்லாமல் ஓடி, அந்த பில்களை எல்லாம் “2பி-யில் இல்லை” என்று சொல்லிவிடும். இதை அக்காவின் தப்பு என்று நினைக்காதீர்கள். மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிவிடுகிறது என்பதற்காக, மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 2020-இல் பெயர்களையே மாற்றியது. விஞ்ஞானிகளாலேயே எக்செலை ஜெயிக்க முடியவில்லை. டேலியிலிருந்து நேராக எக்செல் ஃபைலாக எடுக்கச் சொல்லுங்கள், சிஎஸ்வி பேச்சே வேண்டாம். பில் நம்பர் கட்டத்தில் தேதி வடிவில் ஏதாவது இருந்தால் நின்றுவிடும்படியும் எழுதுங்கள்.

தேதியும் அப்படித்தான். 05-04 என்பதை எழுத்தாகப் படிக்க நேர்ந்தால், பாண்டாஸ் (அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் லைப்ரரி) தன் போக்கில் விட்டால் மே 4 என்று எடுத்துக்கொள்ளும். நாள் முதலில் வரும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள். போன மாத ஃபைலையே மறுபடி போட்டுவிடுவது இன்னொன்று. 2பி ஃபைலின் முதல் தாளிலேயே அது எந்த மாதத்துக்கு, எந்த ஜிஎஸ்டி எண்ணுக்கு என்று இருக்கிறது. அதைப் படித்து டேலி ஃபைலின் மாதத்தோடு ஒப்பிட நாலு வரி போதும். முதலாளிக்கு இரண்டு கம்பெனி இருந்தால் (திருப்பூரில் யாருக்குத்தான் ஒன்று மட்டும் இருக்கிறது) அந்த நாலு வரி இல்லாமல் விடவே கூடாது.

அக்காவுக்கு அடிக்கடி வரப்போகும் எரர் எது என்று பந்தயம் கட்டச் சொன்னால், விடை ஃபைலை எக்செலில் திறந்து வைத்துக்கொண்டே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டுவது என்று சொல்வேன். விண்டோஸ் அந்த ஃபைலைப் பூட்டி வைத்திருக்கும், பைத்தான் அனுமதி மறுக்கப்பட்டது என்று இருபது வரி ஆங்கிலத்தில் கத்தும். அந்த இடத்தைப் பிடித்து, “விடை ஃபைல் எக்செலில் திறந்திருக்கிறது. அதை மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்” என்று தமிழில் சொல்ல வையுங்கள். எல்லா எரரையும் மொழிபெயர்க்க வேண்டாம். உண்மையில் வரக்கூடிய ஐந்தாறுக்குச் செய்தால் போதும். மற்ற எதற்கும் “இது எனக்குத் தெரியாத சிக்கல், விவரம் இந்த ஃபைலில் இருக்கிறது, இன்னாருக்கு அனுப்புங்கள்” என்று ஒரு பொது வாசகம். ஒன்று கவனியுங்கள்: விண்டோஸின் பழைய கறுப்பு விண்டோவில் தமிழ் எழுத்து உடைந்தோ வெறும் கட்டங்களாகவோ தெரியும். அதனால் செய்தியை ஒரு சின்ன மெசேஜ் பாக்ஸில் காட்டுங்கள். பைத்தானோடு வரும் டிகின்டர் லைப்ரரியில் ஒரு வரி வேலை. கறுப்பு விண்டோவே கண்ணில் படாமலும் செய்துவிடலாம்.

இப்போது எக்ஸ்இ. வேண்டாம் என்பது என் கருத்து. பைஇன்ஸ்டாலர் போட்டுச் செய்யும் எக்ஸ்இ-யை ஆன்டிவைரஸ் சந்தேகப்பட்டுத் தூக்கிப் போடுவது சாதாரணமாக நடக்கிறது. இன்று ஓடும், ஒரு அப்டேட்டுக்குப் பிறகு காணாமல் போகும். அதைவிட முக்கியம், எக்ஸ்இ மட்டும் கையில் இருந்தால் அடுத்து வருபவர் உள்ளே எதையும் திருத்த முடியாது. அதற்குப் பதில் சி டிரைவில் ஒரு ஃபோல்டர். உங்கள் லாகினுக்குக் கீழே வைக்காதீர்கள், நீங்கள் போனதும் அந்த லாகினை அழித்துவிடுவார்கள். அதற்குள் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று இரண்டு ஃபோல்டர், டெஸ்க்டாப்பில், ஸ்கிரிப்டை ஓட்டிவிடும் ஒரு பேட் ஃபைலுக்கான ஐகான். இரண்டு ஃபைலையும் ‘உள்ளே’ போட்டு ஐகானை டபுள் கிளிக் செய்தால் விடை ‘வெளியே’ மாதப் பெயரோடு வர வேண்டும். பழையதை மேலெழுதக் கூடாது.

பைத்தானையும் லைப்ரரிகளையும் இப்போது இருக்கும் பதிப்பிலேயே உறைய வையுங்கள், பதிப்பு எண்களை ஒரு ஃபைலில் எழுதி வையுங்கள். எக்ஸ்எல்ஆர்டி என்ற லைப்ரரி 2020 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில், இன்றைய எக்செல் வகையான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல்களைப் படிப்பதை நிறுத்திக்கொண்டது. 2023 ஏப்ரலில் வந்த பாண்டாஸ் 2.0-இல், அதுவரை எல்லோரும் பயன்படுத்திய அப்பெண்ட் என்ற கட்டளையே போய்விட்டது. கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ண வரும் பையன் “எல்லாம் பழசா இருக்கே, அப்டேட் பண்ணிடறேன்” என்று நல்லெண்ணத்தில் செய்தால் போதும், 18-ஆம் தேதி சாயங்காலம் ஆபீஸே உட்கார்ந்துவிடும்.

தேதியைச் சொன்னதும் இன்னொன்று. 2பி 14-ஆம் தேதி வருகிறது, 3பி 20-க்குள் போட வேண்டும். நடுவில் ஆறே நாள், அதில் பெரும்பாலும் ஒரு ஞாயிறும் வரும். அந்த ஆறு நாளில் ஸ்கிரிப்ட் நின்றுபோனால் அக்கா என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இன்றே விடை வேண்டும். உங்கள் விஷயத்தில் விடை சுலபம். டேலியிலேயே 2பி ஒப்பீடு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை ஓட்டி, பொருந்தாமல் நிற்பதை மட்டும் கையால் டிக் அடிப்பது. ஒரு நாள் கூடுதலாகும், ஆகட்டும். அக்காவை அந்த வழியிலும் ஒரு மாதம் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கைவழியை மறக்க விடக் கூடாது.

இங்கே உங்களிடம் கொஞ்சம் கசப்பாக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. டேலி செய்யும் வேலையையும் சேர்த்து உங்கள் ஸ்கிரிப்ட் ஏன் செய்ய வேண்டும்? நம்பர் அப்படியே பொருந்தும் பில்களை டேலியே பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் நிரல், பொருந்தாமல் மிஞ்சுவதை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். நாம் எழுதியதை நாமே வெட்டுவதற்கு மனசு வராது, தெரியும். ஆனால் விட்டுப்போகும் நிரல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நாள் அது உயிரோடு இருக்கும்.

மிஞ்சுவதுதான் உங்கள் ஸ்கிரிப்டின் உண்மையான சரக்கு. விதிப்படி பில் நம்பர் 16 எழுத்துக்குள் இருக்கலாம், நடுவே கோடும் சாய்கோடும் வரலாம். டையிங்காரர் பில்லில் நிதியாண்டோடு முழுசாக அச்சடித்திருப்பார், போர்ட்டலிலும் அப்படியே ஏற்றியிருப்பார். உங்கள் ஆபீஸில் டேலியில் போடுகிறவர் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் தட்டியிருப்பார். நீங்கள் கோடுகளையும் முன்னால் உள்ள பூஜ்யங்களையும் வெட்டிப்போட்டு, மிச்சத்தை ஒப்பிட்டு, தொகையும் ஒத்துப்போனால் “பொருந்தியது” என்று போடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் ஒரே ஜாப் ஒர்க்காரர் ஒரே தொகைக்கு அடுத்தடுத்து இரண்டு பில் போட்டிருந்தால்? இந்த ஊக வகைப் பொருத்தங்களைப் ‘பொருந்தியவை’ தாளில் கலக்காதீர்கள். தனித் தாளில், இரண்டு பக்க விவரத்தையும் அருகருகே வைத்து, அக்கா ‘ஆம்’, ‘இல்லை’ போடக் காலியாக ஒரு கட்டம் விடுங்கள். இன்புட் எடுக்கலாமா என்ற முடிவை ஸ்கிரிப்ட் எடுக்கக் கூடாது, கையெழுத்துப் போடும் மனிதர்தான் எடுக்க வேண்டும். நீங்கள் இருக்கும்வரை அந்த முடிவை நீங்களே மனசுக்குள் எடுத்துக்கொண்டிருந்தீர்கள், அதனால் அது வெளியே தெரியவில்லை.

அக்காவின் மனசுக்குள்ளும் இதுபோல நிறைய இருக்கும். “இந்தப் பிரிண்டிங்காரர் மூணு மாசத்துக்கு ஒருதடவைதான் ரிட்டர்ன் போடுவார், இடையில பில்லை ஏத்த மாட்டார், இப்ப 2பி-யில தேடி பிரயோஜனமில்லை” என்பது அவருக்குத் தெரியும். 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் காலாண்டு முறையில் போடலாம் என்பதால் சின்ன ஜாப் ஒர்க்காரர்கள் பலர் அந்த வழியில் இருப்பார்கள். ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது, மாதா மாதம் அதே பெயர்களைச் சிவப்பில் காட்டும். சப்ளையர் பட்டியல் என்று ஒரு எக்செல் தாள் வைத்து, அதில் ‘காலாண்டு’ என்றும் ‘குறிப்பு’ என்றும் இரண்டு பத்தி (நெடுவரிசை) சேர்த்து, அதை நிரப்பும் உரிமையை முழுக்க அக்காவிடம் கொடுங்கள். அதில் அவர் எழுதுவதை ஸ்கிரிப்ட் விடையில் காட்ட வேண்டும். தன் அறிவு அதற்குள் போகிறது என்று தெரிந்தபின் அவர் அந்த ஸ்கிரிப்டை விடவே மாட்டார், பாருங்கள்.

வரி விகிதங்களையும் இதேபோல வெளியே எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று விகிதங்கள் மாறியபோது 12-உம் 28-உம் பெரும்பாலான பொருட்களுக்குப் போய்விட்டன, 40 என்று ஒன்று புதிதாக வந்தது, செயற்கை இழை நூல் 12-லிருந்து 5-க்கு இறங்கியது. நிரலுக்குள்ளேயே விகிதத்தை எழுதி வைத்திருந்தவர்கள் அந்த மாதம் பட்டபாடு கொஞ்சமில்லை. எக்செல் தாளில் விகிதமும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பதும் இருந்தால் அக்காவே மாற்றிக்கொள்வார். பழைய விகிதத்தை அழிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். பழைய பில்லுக்கான கிரெடிட் நோட் பழைய விகிதத்தில்தான் வரும்.

எக்செல் தாளால் தீராத மாற்றங்களும் உண்டு. 2024 அக்டோபரில் ஐஎம்எஸ் (சப்ளையர் ஏற்றிய பில்லைப் போர்ட்டலிலேயே ஏற்கவோ மறுக்கவோ செய்யும் வசதி) வந்ததுபோல, அரசு ஏதாவது புதிதாகக் கொண்டுவந்து 2பி ஃபைலின் அமைப்பே மாறினால் நிரலைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். பத்தியை இடத்தை வைத்துத் தேடாமல் தலைப்பை வைத்துத் தேடுங்கள், தலைப்பு கிடைக்காவிட்டால் நில்லுங்கள் என்பதைத் தவிர அதற்கு முன்கூட்டியே செய்ய ஒன்றுமில்லை. அன்றைக்கு யார் வந்து திருத்துவார் என்பது முதலாளி தீர்க்க வேண்டிய கேள்வி. அதை அவரிடம் நேராகக் கேளுங்கள். “அவங்களுக்குப் பைத்தான் சொல்லிக் குடு” என்று அவர் சொன்னது, இந்தக் கேள்வி தன் தலையில் விழாமல் இருப்பதற்காகத்தான். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஒரு ஆளுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லுங்கள். ஏற்கவில்லை என்றால், ஃபைல் அமைப்பு மாறும் நாளில் டேலி வழிக்குத் திரும்புவதுதான் திட்டம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு நியாயமான முடிவுதான்.

அந்த ஆள் நீங்களே என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 14-லிருந்து 20 வரை போனில் உதவுவேன் என்று ஒரு எல்லை சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டுமென்றால் கட்டணம் இவ்வளவு என்றும் சொல்லுங்கள். அக்கா மேல் இருக்கும் பாசத்தில் வரையறை இல்லாமல் ஒப்புக்கொண்டால், பெங்களூரில் புது வேலையில் ஒவ்வொரு மாதமும் ஒரு வாரம் பாழாகும். இன்னொன்று, உதவி கேட்கிறேன் என்று சப்ளையர் பில் விவரங்களை உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பத் தொடங்குவார்கள். வேலையை விட்ட பிறகு கம்பெனி டேட்டா உங்கள் கையில் இருக்கக் கூடாது. போகும்போது உங்கள் லேப்டாப்பில், உங்கள் ஜிமெயிலில் இருப்பதை அழித்துவிடுங்கள். நிரலில் எங்காவது பாஸ்வேர்டு எழுதி வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, பாஸ்வேர்டையே மாற்றச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, என்ன எழுதி வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுத வேண்டாம், அக்கா எழுதட்டும். உங்களுக்கு எது எழுத வேண்டியதில்லை என்று தோன்றுகிறதோ அதுதான் அவருக்குத் தேவைப்படும். அவரை அவர் சிஸ்டத்தில், அவர் லாகினில் உட்கார வைத்து, பழைய மாதத்து ஃபைல்களைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், மவுஸைத் தொடாதீர்கள். அவர் ஒவ்வொரு படியையும் தன் நோட்டில் தன் வார்த்தையில் எழுதிக்கொள்ளட்டும். அப்புறம் வேண்டுமென்றே கெட்டுப்போன ஃபைல்களைக் கொடுங்கள்: போன மாத 2பி ஒன்று, நடுவில் ஒரு பத்தி காணாமல் போனது ஒன்று, பில் நம்பர் தேதியானது ஒன்று, மற்ற கம்பெனியின் ஃபைல் ஒன்று. விடை ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டும் ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஸ்கிரிப்ட் என்ன சொல்கிறது, அதைப் பார்த்து அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் நோட்டைத் திருத்தாதீர்கள், ஸ்கிரிப்டின் வாசகத்தைத் திருத்துங்கள்.

நீங்கள் இருக்கும்போது ஒரே ஒரு 14-ஆம் தேதிதான் இன்னும் வரும் என்று கணக்கிடுகிறேன். அந்த மாத வேலையை முழுக்க அவரே செய்யட்டும். அந்த ஒரு வாரம் நீங்கள் லீவு போட முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் ஊரிலேயே இல்லாமல் போய்விடுங்கள்.